வானொலிக்கு வலிமை தந்த ஆர்ம்ஸ்ட்ராங்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆர்ம்ஸ்ட்ராங் என்றதும் நம் எல்லோருக்கும் நிலவுதான் நினைவுக்கு வரும். 1969-ஆம் ஆண்டு நிலவில் முதன்முதலாகக் காலடி வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். சென்ற பருவத்தில் எங்கள் மின்னணுவியல் வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் ஆர்ம்ஸ்ட்ராங் அலையியற்றி என்று எழுதினார். நிலவுக்குப் போனவர் இந்தச் சுற்றை எப்போது அமைத்தார் என்று நான் எழுந்து கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. இவர் வேறோர் ஆர்ம்ஸ்ட்ராங் என்றும், வீட்டு வானொலியிலிருந்து ராடார் வரை அவருக்குக் கடன்படாத கருவி அரிது என்றும் கூறி, நூலகத்தில் படித்து வருமாறு பணித்தார். அவ்வாறு படித்ததன் பயனே இக்கட்டுரை.

எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங்கின் வரலாற்றை நான் விரும்பிப் படித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தந்தையார் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கடலோரச் சிற்றூரான எங்கள் ஊரில் வீடுகளின்மேல் டி.வி. ஆண்டெனா ஏற்றித் தருவதே இளமையில் அவர் தொழில். கேபிள் இணைப்பு எட்டிப் பாராத அந்நாளில், இலங்கையின் ரூபவாகினி ஒளிபரப்பைப் பிடிப்பதற்காக உயரமான இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி, கூடவே பூஸ்டர் என்னும் சிறு பெட்டியையும் மாட்டுவாராம். பூஸ்டரை மேலே ஆண்டெனாவுக்கு அருகில்தான் மாட்ட வேண்டும்; கீழே பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டினால் படத்தோடு புள்ளிகளும் சேர்ந்து பெருகும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. ஏன் அப்படி என்று கேட்டால் அவரிடம் விடை இல்லை. கல்லூரியில் சேர்ந்த எனக்கும் தெரியவில்லை. அந்த விடைக்கான வழியை இந்த மேதையின் வாழ்க்கையே எனக்குக் காட்டியது.

இளமை

ஆர்ம்ஸ்ட்ராங் 1890-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் அமெரிக்கக் கிளையில் பணியாற்றினார். தாய் பள்ளி ஆசிரியை. எட்டு, ஒன்பது வயதில் அவரை ஒரு நரம்பு நோய் தாக்கியது. இரண்டு ஆண்டுகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே பயின்றார். நோய் நீங்கிய பின்னும் கழுத்தும் தோளும் தம்மையறியாமல் துடிக்கும் குறை வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. கூட்டத்தில் கூசி ஒதுங்கிய சிறுவன் தனிமையில் கருவிகளோடு பழகத் தொடங்கினான்.

பின்னர் அக்குடும்பம் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள யாங்கர்ஸ் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியை அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் சேர்த்துப் புகழ்பெற்றிருந்த காலம் அது. கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிய நூல்களைப் படித்த ஆர்ம்ஸ்ட்ராங், தாமும் ஒரு கண்டுபிடிப்பாளர் ஆவது என்று பதினான்கு வயதிலேயே முடிவு செய்துவிட்டார். மாடியறை ஆய்வுக்கூடமாயிற்று. வீட்டுப் புறக்கடையில் 125 அடி உயரமான ஏரியல் கம்பத்தைத் தாமே எழுப்பினார். அதன் உச்சிவரை அஞ்சாமல் ஏறி இறங்குவது அவருக்கு விளையாட்டு. இந்த இடத்தைப் படித்தபோது என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன்.

அன்றைய வானொலியின் குறை என்ன என்பதை நாம் அறிய வேண்டும். தொலைவிலிருந்து வரும் அலையைக் கண்டுணரத்தான் அக்கால ஏற்பிகளால் முடிந்தது, பெருக்க முடியவில்லை. காதில் மாட்டிய கேட்பொறியின் தகடு அதிர வேண்டுமானால், அதற்கான ஆற்றல் முழுவதையும் அந்த மெலிந்த அலையே கொண்டுவர வேண்டும். நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்த அலைக்கு அவ்வளவு வலிமை ஏது? ஆகவே கேட்பவர் மூச்சையும் அடக்கிக்கொண்டு கேட்டனர்.

1906-ஆம் ஆண்டில் லீ டி பாரஸ்ட் என்பவர் மூன்று மின்முனைகள் கொண்ட ஆடியான் என்னும் வெற்றிடக் குழாயைப் படைத்தார். சூடான இழை, தகடு, இரண்டுக்கும் நடுவே கம்பி வலை. இவ்வளவுதான் அதன் உள்ளமைப்பு. வலையில் தரும் சிறு மின்னழுத்த மாற்றம் தகட்டு மின்னோட்டத்தைப் பெரிதும் மாற்றும். ஆனால் அக்குழாய் உண்மையில் எவ்வாறு இயங்குகிறது என்பது அதைப் படைத்தவருக்கே அப்போது தெளிவாக விளங்கவில்லை.

ஊஞ்சலும் ஊளையும்

1909-ஆம் ஆண்டில் ஆர்ம்ஸ்ட்ராங் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். தந்தை பரிசளித்த சிவப்பு மோட்டார் சைக்கிளில் யாங்கர்ஸிலிருந்து நாள்தோறும் போய்வருவார். புகழ்பெற்ற மைக்கேல் பூப்பின் அங்கு அவருடைய பேராசிரியர். மற்றவர்கள் ஆடியானை வெறும் கண்டுணர்வுக் கருவியாகப் பயன்படுத்திக்கொண்டிருக்க, இவர் அதன் தகட்டுச் சுற்றில் அளவிகளை இணைத்து என்ன நிகழ்கிறது என்று பொறுமையாக அளந்தார். தகட்டு மின்னோட்டத்தில் வெறும் நேர்மின்னோட்டம் மட்டுமல்ல, வந்த அலையின் அதிர்வும் பெரிய அளவில் இருப்பதைக் கண்டார்.

அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. பெருகி வெளிவரும் அதிர்வின் ஒரு பகுதியை ஒரு சுருளின் வழியாகத் திரும்ப வலைக்கே கொடுத்தால் என்ன? கொடுத்ததும் அது மறுபடி பெருகும். பெருகியதில் ஒரு பகுதி மறுபடி திரும்பும். ஊஞ்சலில் ஆடும் குழந்தையை ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் சிறிது தள்ளிவிட்டால் ஊஞ்சல் வரவர உயரே போவதில்லையா? அதுபோலத்தான் இதுவும். தள்ளும் கை சிறிது முந்தினாலும் பிந்தினாலும் பயனில்லை. அலையோடு அலை ஒத்துச் சேர வேண்டும். இதனைப் பின்னூட்டம் என்கிறோம்.

1912-ஆம் ஆண்டில் ஓரிரவு இது கைகூடியது. தலையில் மாட்டிக் கேட்க வேண்டியிருந்த தொலைதூரத் தந்தி ஒலிகள் அறை முழுதும் கேட்டன. உறங்கிக்கொண்டிருந்த தங்கையை எழுப்பி அவர் ஆனந்தக் கூத்தாடினாராம். அப்போது அவருக்கு வயது 21. நம்மைப் போல் ஒரு கல்லூரி மாணவர்தான்!

இதோடு அவர் நிற்கவில்லை. திருப்பிக் கொடுக்கும் பங்கை மேலும் கூட்டினார். ஓர் எல்லையைத் தாண்டியதும் ஏற்பி சீழ்க்கையடித்தது. வெளியிலிருந்து அலை ஏதும் வராமலே குழாய் தானாக அதிரத் தொடங்கிவிட்டது. நம் கல்லூரி விழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே கொண்டுபோனால் ஊளையிடுவது இதே காரணத்தால்தான். வேறொருவர் இதைத் தொல்லை என்று ஒதுக்கியிருப்பார். ஆர்ம்ஸ்ட்ராங்கோ, எல்லைக்குள் நின்றால் இது சிறந்த ஏற்பி, எல்லை தாண்டினால் இதுவே அலைகளை உண்டாக்கும் பரப்பி என்று கண்டுகொண்டார். எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிய அலையியற்றி இதுதான்.

சான்றுக்கு இருபத்தைந்து காசு

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப் பணம் வேண்டுமே! முதலில் பட்டப்படிப்பை முடி என்று தந்தை மறுத்துவிட்டார். ஆர்ம்ஸ்ட்ராங் தம் மோட்டார் சைக்கிளை விற்றார், அதுவும் போதவில்லை. மாமா ஒருவர் சொன்ன யோசனைப்படி, சுற்றின் வரைபடத்தை எழுதி 1913-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் நோட்டரியிடம் சான்றொப்பம் பெற்றுக்கொண்டார். அதற்கான செலவு 25 சென்ட். அவ்வாண்டு பட்டம் பெற்ற பின்னர், அக்டோபர் 29-ஆம் நாளில்தான் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. 1914 அக்டோபர் 6-ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது.

இடைப்பட்ட காலத்தில், 1914 ஜனவரி இறுதியில், நியூ ஜெர்சியின் பெல்மார் என்னுமிடத்திலிருந்த மார்க்கோனி நிலையத்தில் அவர் தம் கருவியைச் சோதித்துக் காட்டினார். உடனிருந்து கேட்டவர் அந்நிறுவனத்தின் இளம் அலுவலர் டேவிட் சார்னாப். கடுங்குளிரில் இருவரும் இரவெல்லாம் விழித்திருந்து அயர்லாந்திலிருந்தும் ஹவாயிலிருந்தும் வந்த ஒலிகளைக் கேட்டனர். அன்று தொடங்கிய நட்பு ஒருநாள் பெரும்பகையாக முடியும் என்று எவர் கண்டார்!

போர்க்களத்தில் பிறந்த சுற்று

முதல் உலகப் போரில் ஆர்ம்ஸ்ட்ராங் அமெரிக்கப் படையின் தகவல் தொடர்புப் பிரிவில் கேப்டனாகப் பாரிஸ் சென்றார். உயர்ந்த அதிர்வெண் கொண்ட அலைகளைப் பெருக்க அக்காலக் குழாய்களால் இயலவில்லை. அந்தச் சிக்கலுக்கு 1918-ஆம் ஆண்டில் அவர் கண்ட தீர்வே சூப்பர்ஹெட்டிரோடைன் ஏற்பி.

அதன் கருத்து எளிமையானது. வரும் அலை எந்த அதிர்வெண்ணில் இருந்தாலும், அதனோடு ஏற்பிக்குள்ளேயே உண்டாக்கிய வேறோர் அலையைக் கலக்க வேண்டும். இரண்டின் வேறுபாடு எப்போதும் ஒரே எண்ணாக இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஆய்வகத்து ரேடியோவில் அவ்வெண் 455 கிலோஹெர்ட்ஸ். 720 கிலோஹெர்ட்ஸில் வரும் நிலையத்தைக் கேட்க முள்ளைத் திருப்பும்போது உள்ளலை 1,175 ஆகிறது. 1,000-க்குத் திருப்பினால் 1,455 ஆகிறது. வேறுபாடு இரண்டிலும் 455-தான். பெருக்கும் வேலை முழுவதையும் அந்த ஓர் அதிர்வெண்ணிலேயே செம்மையாகச் செய்துவிடலாம். எந்த ஊர்க்காரர் வந்தாலும் அவர் பேச்சை ஒரே மொழிக்கு மாற்றிக்கொண்டு பிறகு விசாரிப்பது போன்றது இது.

1919-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜன் ஆப் ஆனர் விருதளித்தது. 1922-இல் அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பை ஆர்.சி.ஏ. நிறுவனம் 2,00,000 டாலரும் 60,000 பங்குகளும் கொடுத்து வாங்கியது. ஒருகாலத்தில் காப்புரிமைக் கட்டணத்துக்கு மோட்டார் சைக்கிளை விற்றவர் செல்வராகிவிட்டார். அந்நிறுவனத்தில் உயர்ந்த பொறுப்பிலிருந்த சார்னாபின் செயலாளராகப் பணியாற்றிய மரியன் என்னும் மங்கையை 1923-இல் மணந்தார். உலகின் முதல் கையடக்கச் சூப்பர்ஹெட்டிரோடைன் வானொலியைச் செய்து மணப்பெண்ணுக்குப் பரிசாகத் தந்தார். கையடக்கம் என்றாலும் தூக்கிச் செல்ல வலுவான கை வேண்டும்!

நீதிமன்றப் படிகளில்

செல்வம் வந்த வேகத்திலேயே வழக்கும் வந்தது. பின்னூட்டத்தைத் தாமே முதலில் கண்டதாக டி பாரஸ்ட் உரிமை கொண்டாடினார். அவர் உதவியாளர் 1912 ஆகஸ்டில் எழுதிய ஆய்வுக் குறிப்பு சான்றாகக் காட்டப்பட்டது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் சான்றொப்பமோ 1913 ஜனவரியில் பெற்றது. வழக்கு பத்தாண்டுகளுக்கு மேல் பல நீதிமன்றங்களில் அலைந்து, 1934-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் டி பாரஸ்ட் பக்கம் தீர்ந்தது. ஊளை கேட்ட நாள் முந்தியது என்பதைச் சட்டம் கண்டது. ஊளையின் காரணத்தை உணர்ந்து பயன்படுத்தியவர் யார் என்பதை அது கண்டதாகப் பொறியாளர்கள் கருதவில்லை.

வானொலிப் பொறியாளர் கழகம் அளிக்கும் உயரிய பதக்கத்தை முதன்முதலில் பெற்றவர் ஆர்ம்ஸ்ட்ராங். தீர்ப்புக்குப் பின் அப்பதக்கத்தைத் திருப்பித்தர முன்வந்தார். கழகம் வாங்க மறுத்தது. அவருடைய கண்டுபிடிப்பே என்று மீண்டும் உறுதி கூறியது. கூடியிருந்த பொறியாளர்கள் எழுந்து நின்று கைதட்டினர்.

நண்பர்களே, நாம் ஆய்வகப் பதிவேட்டில் தேதி போடவும் ஆசிரியரிடம் ஒப்பம் வாங்கவும் எவ்வளவு சோம்பலுறுகிறோம்! ஒரு தேதியின் பொருட்டு ஒரு மேதை தம் வாழ்நாளில் பெரும்பகுதியை நீதிமன்றத்தில் செலவிட்டார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரைச்சலை வென்றவர்

மெல்லிய அலையைப் பெருக்கும் வழி கண்டாயிற்று. ஆனால் பெருக்கியது அலையை மட்டுமா? இடி மின்னலாலும் மின்பொறிகளாலும் எழும் இரைச்சலும் சேர்ந்தே பெருகியது. பெருக்கிக்கு நல்லது தீயது தெரியாது. உள்ளே வருவது பாட்டானாலும் கரகரப்பானாலும் ஒரே மடங்காகத்தான் உயர்த்தும். பெருக்கும் கலையை உலகுக்குக் கொடுத்தவரே பெருக்கம் மட்டும் போதாது என்று உணர்ந்ததுதான் அவருடைய பெருமை.

அக்கால வானொலியில் குரலுக்கேற்ப அலையின் உயரம், அதாவது வீச்சு, கூடிக் குறையும். மின்னலும் அலையின் வீச்சைத்தான் தாக்குகிறது. ஆகவே குரல் எது, இரைச்சல் எது என்று ஏற்பியால் பிரிக்க இயலவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங் வீச்சை மாற்றாமல், அலையின் அதிர்வெண்ணைக் குரலுக்கேற்ப மாற்றினார். ஏற்பியில், வீச்சில் நேரும் ஏற்றத்தாழ்வு அனைத்தையும் வெட்டிச் சமன்செய்யும் பகுதி ஒன்றை வைத்தார். இரைச்சலில் பெரும்பகுதி அங்கேயே கழிந்துவிடும். இதுவே அதிர்வெண் பண்பேற்றம். நாம் நாள்தோறும் கேட்கும் பண்பலை இதுதான்.

இம்முறையால் பயனில்லை என்று 1922-ஆம் ஆண்டிலேயே கார்சன் என்னும் கணித வல்லுநர் எழுதியிருந்தார். அவர் கணக்கில் பிழையில்லை. ஆனால் அது குறுகிய அலைப்பட்டைக்கு உரியது. ஆர்ம்ஸ்ட்ராங் பட்டையை அகலப்படுத்திப் பார்த்தார். இன்றைய பண்பலையில் அதிர்வெண் நடுவிலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை விலகுகிறது. அகலம் கூடக்கூட இரைச்சல் அடங்கியது. 1933 டிசம்பரில் இதற்கான காப்புரிமைகள் கிடைத்தன. 1935 நவம்பரில் நியூயார்க்கில் பொறியாளர்கள் முன் அவர் இதனை நிகழ்த்திக் காட்டினார். யாங்கர்ஸில் நண்பர் வீட்டு நிலையத்தில் குவளையில் நீர் ஊற்றும் ஓசையும் காகிதத்தைக் கசக்கும் ஓசையும் அரங்கில் அப்படியே கேட்டன. ஓசைகளைவிட அவற்றுக்கிடையே நிலவிய நிசப்தமே அவையோரை வியக்கவைத்தது.

ஆனால் ஆர்.சி.ஏ.வின் தலைவராகிவிட்ட சார்னாபின் நாட்டம் தொலைக்காட்சியில் இருந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஆய்வு நடத்த இடங்கொடுத்த அந்நிறுவனம், 1935-இல் கருவிகளை அகற்றுமாறு கூறிவிட்டது. மனந்தளராத ஆர்ம்ஸ்ட்ராங் தம் சொந்தப் பணத்தில் நியூ ஜெர்சியின் ஆல்பைன் என்னுமிடத்தில் 400 அடிக்கு மேற்பட்ட கோபுரத்தை எழுப்பினார். ஒரு நிலையத்தின் பண்பலையை இன்னொரு நிலையம் வாங்கி வலுவூட்டி அடுத்ததற்கு அனுப்பும் அஞ்சல் முறையையும் 1940-இல் செய்து காட்டினார்.

இரண்டாம் உலகப் போரில் தம் பண்பலைக் காப்புரிமைகளைப் படையினர் பயன்படுத்தக் கட்டணமின்றி வழங்கினார். 1946 ஜனவரி 10-ஆம் நாள் அமெரிக்கப் படையின் அறிவியலாளர் நிலவை நோக்கி வானொலி அலையை அனுப்பி, சுமார் இரண்டரை விநாடியில் திரும்பிவந்த மெலிந்த எதிரொலியைப் பிடித்தனர். அக்கருவியில் ஆர்ம்ஸ்ட்ராங் உருவாக்கிய பகுதிகளும் இருந்தன. அது நிகழ்ந்த இடம், 1914-இல் அவரும் சார்னாபும் குளிரில் அமர்ந்து கேட்ட அதே பெல்மார் நிலையம்! நீல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவைத் தொடுவதற்கு 23 ஆண்டுகள் முன்பே இந்த ஆர்ம்ஸ்ட்ராங்கின் அலை தொட்டு மீண்டுவிட்டது. வகுப்பில் நான் கேட்ட கேள்வி அவ்வளவு மோசமானதன்று என்று இப்போது ஆறுதல் கொள்கிறேன்.

துயர முடிவு

1945-இல் அமெரிக்க அரசின் ஆணையம் பண்பலையை 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிருந்த பட்டையிலிருந்து 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்றியது. மக்களிடமிருந்த இலட்சக்கணக்கான பண்பலைப் பெட்டிகள் பயனற்றுப் போயின. உரிமைக் கட்டணம் தராமலே பல நிறுவனங்கள் பண்பலையைப் பயன்படுத்தின. 1948-இல் ஆர்ம்ஸ்ட்ராங் ஆர்.சி.ஏ. மீது வழக்குத் தொடர்ந்தார். விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. பணம் கரைந்தது, உடல் தளர்ந்தது. இனிய மனைவியும் மனக்கசப்பால் தம் சகோதரி வீட்டுக்குச் சென்றுவிட்டார். 1954-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாளிரவு ஆர்ம்ஸ்ட்ராங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இளமையில் 25 சென்ட் கொடுத்துச் சான்றொப்பம் பெற்ற அதே ஜனவரி 31!

இவ்விடத்தைப் படித்த அன்று நான் நூலகத்தில் மேற்கொண்டு படிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். உலகின் எந்த மூலையிலிருந்தும் வரும் மெல்லிய குரலைக் கேட்கச் செய்தவர், தம் உள்ளத்துக் குரலை அருகிலிருப்போர் ஒருவருக்கேனும் சொல்லியிருக்கலாகாதா? நம்மில் எவருக்கும் துயரம் மிகுமானால் நண்பரிடமோ ஆசிரியரிடமோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதை இங்கே எழுதாமல் இருக்க என்னால் இயலவில்லை.

கணவர் விட்ட இடத்திலிருந்து மரியன் தொடர்ந்தார். அவ்வாண்டு இறுதியிலேயே ஆர்.சி.ஏ. சுமார் பத்து இலட்சம் டாலர் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டது. ஏனைய நிறுவனங்களுக்கு எதிரான வழக்குகளையும் ஒவ்வொன்றாக நடத்தி, 1967-இல் கடைசி வழக்கிலும் வென்றார். நம் நாட்டில் பண்பலை முதன்முதலாக ஒலித்தது நம் சென்னையில்தான். 1977 ஜூலை 23-ஆம் நாள் அகில இந்திய வானொலி அதனைத் தொடங்கியது.

நம் வீட்டுக் கூரையில்

இனி என் தந்தையாரின் பூஸ்டருக்கு வருவோம். ஆண்டெனாவில் விழும் அலை நீண்ட கேபிள் வழியே இறங்கும்போது பாதியாகத் தேய்கிறது என்று கொள்வோம். ஆனால் பூஸ்டருக்குள் எலெக்ட்ரான்களின் வெப்பச் சலனத்தால் பிறக்கும் இரைச்சல் தேய்வதில்லை. அது எங்கே வைத்தாலும் ஒரே அளவு. கீழே மாட்டினால், பாதியாகிவிட்ட அலையும் முழு இரைச்சலும் சேர்ந்து பெருகும். மேலே மாட்டினால், தேயாத முழு அலையே அந்த இரைச்சலுக்கு மேல் உயர்ந்து நிற்கும்; கேபிள் தேய்ப்பதானால் இரண்டையும் சேர்த்தே தேய்க்கட்டும். மேலிருக்கும் பூஸ்டருக்கு வேண்டிய மின்சாரம் கீழே வைக்கும் சிறு மின்வழங்கியிலிருந்து அதே கேபிள் வழியாகவே ஏறுகிறது. பெருக்குவதற்கு முன் அலை கெடாமல் காக்க வேண்டும் என்பதே இதன் சூத்திரம்.

ஆகவே பூஸ்டர் பொருத்துவோர் முதலில் ஆண்டெனாவை உயர்த்தி, நிலையத்தின் திசைக்குத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதிலேயே தெளிவு வந்துவிட்டால் பூஸ்டரே தேவையில்லை. அருகில் வலுவான நிலையம் இருந்தால் பூஸ்டர் திணறிப்போய் எல்லாவற்றையும் குழப்பிவிடும். அங்கே மாட்டாமலிருப்பதே நலம். கேபிள் இணைப்புகளில் மழைநீர் புகாமல் கட்ட வேண்டும். கம்பத்துக்கு நில இணைப்பு தர வேண்டும். மின்கம்பிக்கு அருகே கம்பம் நடவே கூடாது.

கைப்பேசிக்கான பூஸ்டர் வேறு வகை. வெளியே ஓர் ஆண்டெனா கோபுரத்தின் அலையை வாங்கும், நடுவே பெருக்கி, வீட்டுக்குள் இன்னோர் ஆண்டெனா அதனைப் பரப்பும். நம் பேச்சு எதிர்த்திசையில் இதே வழியாகத் திரும்பும். 60 டெசிபெல் பெருக்கம் என்றால் ஆற்றல் பத்து இலட்சம் மடங்கு உயர்கிறது என்று பொருள். உள்ளே பரவும் அலையில் ஒரு துளி வெளி ஆண்டெனாவை எட்டினாலும் போதும், 1912-இல் யாங்கர்ஸில் கேட்ட அந்த ஊளை தொடங்கிவிடும். அதனால்தான் இரண்டு ஆண்டெனாக்களுக்கும் இடையிலுள்ள தடுப்பு, பெருக்கத்தைவிடச் சுமார் 15 டெசிபெல் கூடுதலாக இருக்க வேண்டும் என்கின்றனர். சுவர்கள், தளம், தொலைவு, திசை ஆகியவற்றால் அத்தடுப்பை உண்டாக்க வேண்டும். இல்லையேல் பூஸ்டர் தானே ஒரு பரப்பியாகிக் கோபுரத்தின் காதை அடைத்துவிடும். ஊராருக்கெல்லாம் தொடர்பு கெடும். 1920-களில் பின்னூட்ட வானொலி வைத்திருந்தோர் அளவு மீறித் திருகி அண்டை வீட்டாரின் வானொலிகளில் சீழ்க்கை எழுப்பிய கதையும் இதுவே.

எங்கள் வீட்டில் கைப்பேசிக்கு அலை சரியாகக் கிடைப்பதில்லை. மலிவாக ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டலாம் என்று நானும் எண்ணினேன். பேராசிரியர் தடுத்தார். உரிய அனுமதியின்றி நாமாக அதனைப் பொருத்துவது நம் நாட்டில் சட்டப்படி குற்றம் என்றும், குறையைக் கைப்பேசிச் சேவை நிறுவனத்துக்கு எழுதி அவர்கள் மூலமாகவே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் விளக்கினார். ஒருவன் தன் குரலை உயர்த்த ஊரின் குரலை அடக்கலாகாது என்பது எனக்கும் நியாயமாகவே பட்டது. எண்ணத்தைக் கைவிட்டு, தெருவார் பலரும் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றை அனுப்பியிருக்கிறோம்.

முடிவுரை

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, பூஸ்டரை ஏன் மேலே மாட்ட வேண்டும் என்பதைத் தந்தையாருக்குத் தரையில் படம் வரைந்து சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, இதையெல்லாம் கண்டுபிடித்த அந்த மனிதருக்குச் சேரவேண்டிய பணம் கடைசியில் கிடைத்ததா என்று கேட்டார். அவர் இறந்த பிறகு மனைவி வாங்கினார் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, அந்த அம்மாள் விடாமல் நின்றதே பெரிது என்றார்.

ஆர்ம்ஸ்ட்ராங்கின் வாழ்க்கை நமக்குச் சொல்வது இதுதான். மெலிந்த குரல் எதுவும் கேட்கத் தகாததன்று. வாங்கி வலுவூட்டுவோர் இருந்தால் அது உலகெங்கும் ஒலிக்கும். ஆனால் உரக்க ஒலிப்பது வேறு, தெளிவாக ஒலிப்பது வேறு. முன்னதைத் தம் 21-ஆம் வயதில் சாதித்தவர், பின்னதற்காக மேலும் இருபது ஆண்டுகள் உழைத்தார். எட்டாம் வகுப்பு படித்த கைகள் அனுபவத்தால் அறிந்திருந்ததன் காரணத்தைப் பட்டப்படிப்பு எனக்குக் காட்டிற்று. அந்தக் காரணத்தை மீண்டும் அந்தக் கைகளிடமே கொண்டுசேர்ப்பதும் படித்தவர் கடமை அல்லவா? பண்பலையில் பாட்டுக் கேட்கும்போது, இரு பாடல்களுக்கு நடுவே இரைச்சலின்றி நிலவும் அந்த ஒரு கணத்தில், நண்பர்களே, அதனை நமக்குப் பெற்றுத்தந்த ஆர்ம்ஸ்ட்ராங்கை நன்றியோடு நினைப்போமாக!